கிழக்கே திரும்பிய ஊசி

என் வாயில் எதுவும் நிற்காது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அம்மா சீனிப் போத்தலை எங்கே ஒளித்து வைக்கிறார் என்பதை, வீட்டுக்கு வந்த பெண்களுக்கு நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். அதனால் அயலில் யாருக்காவது ஒரு சாமான் கொடுத்தனுப்புவது என்றால் அண்ணையைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணை கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாத பிறவி. எனக்கு அப்போது ஒன்பது வயது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த நாளில் இருந்து அங்கிருந்து எங்கள் ஊருக்குக் கடிதம் வருவது நின்றுபோயிற்று. உடுப்பிட்டியில் பாதி வீடுகளில் இதே கதைதான். எங்கள் வீட்டில் கடிதத்துக்குக் காத்திருந்தவர் மாமி, ஐயாவின், அதாவது என் தகப்பனின், தங்கை. கல்யாணம் முடிந்து எட்டே மாதம் கூட இருந்துவிட்டு, அடுத்த தடவை வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக் கப்பல் ஏறியவர் மாமியின் புருஷன். அங்கே ரெயில்வேயில் கிளாக்கர். ஒன்றரை வருடமாக அவரிடம் இருந்து ஒரு வரியும் இல்லை.

மாமி நாள்தோறும் காலையில் முழுகி, நெற்றியில் குங்குமப் பொட்டு வைப்பார். கோயிலில் பெண்கள் அந்தப் பொட்டைப் பார்க்கும் பார்வை எனக்கே பிடிக்காது. ஒரு வெள்ளிக்கிழமை ஒருத்தி மற்றவளிடம், மனுசன் இருக்கிறாரோ இல்லையோ தெரியாமல் உவள் எந்தத் துணிவில் பொட்டு வைக்கிறாள் என்று கேட்டாள். நான் அதை ஒரு சொல் விடாமல் கொண்டுவந்து மாமியிடம் ஒப்புவித்தேன். மாமி அடுத்த நாள் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தார்.

சந்தேகப்படுவதுதான் அந்த நாட்களில் ஊருக்கே தொழில். ஒற்றர்கள் எந்த வேஷத்திலும் வருவார்கள், கண்ணைத் திறந்து வைத்திருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லியிருந்தார். நான் ஊசி நூல் விற்க வந்த ஒரு கிழவனை மூன்று ஒழுங்கை தூரம் பின்தொடர்ந்து போய், அவன் திரும்பி ஒரு முழி முழிக்க, செருப்படி பட்ட நாய் போல ஓடி வந்திருக்கிறேன். ஆனால் உண்மையான ஒற்றர் எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறார் என்பது கொஞ்ச நாளில் எனக்குத் தெளிவாகிவிட்டது. அவர் என் குஞ்சியப்பு.

குஞ்சியப்பு ஐயாவுக்கும் மாமிக்கும் தம்பி. தோட்டத்தில் நிற்க வேண்டிய மனிதர், வெறுமனே கிடந்த புகையிலைக் குடிலுக்குள் நாள் முழுக்க அடைந்து கிடந்தார். கூட ஒரு வல்வெட்டித்துறைக்காரர். பாய்க்கப்பல் ஓட்டுகிற தலைவனை அங்கே தண்டையல் என்பார்கள். யுத்தத்தால் கப்பல் கரையில் கிடக்க, அந்தத் தண்டையல் எங்கள் குடிலே கதி என்று ஆகிவிட்டார். கடலோடு பழகிய ஆள், கடலுக்கு அப்பால் எதிரி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? எனக்கு வேண்டியிருக்கவில்லை.

குடிலின் ஓலைக் கிடுகு இடைவெளியால் நான் பார்த்தவை இவை. ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் பின்சில்லைச் சுற்றி, பழுதான லொறி இன்ஜின்களில் இருந்து கழற்றிய லாடக் காந்தங்களைக் கட்டியிருந்தார்கள். காந்தத்தின் ஒரு முனைக்குக் குங்குமம், மற்ற முனைக்குத் திருநீறு. வடக்கும் தெற்கும் மாறிப்போகாமல் இருக்க அப்படி அடையாளம் வைத்ததாகப் பிறகு அறிந்தேன். சில்லு சுற்றும்போது காந்தங்கள் ஒரு கம்பிச் சுருளைக் கடந்து போகும். அப்போது கம்பியின் இரண்டு நுனிகளையும் தண்டையல் தன் நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, புளிப்புப் பார்ப்பவர் போல முகத்தைச் சுளிப்பார். பிறகு குஞ்சியப்பு வைப்பார். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க அவர்களுக்கு அகப்பட்ட கருவி நாக்குத்தான். நான் அதை ஒற்றர்கள் செய்துகொள்ளும் சத்தியம் என்று நினைத்தேன்.

ஐயாவும் சந்தேகப்பட்டார், ஆனால் அவருடைய சந்தேகம் வேறு. தம்பிக்கு மண்டை கழன்றுவிட்டது என்பது அவர் கட்சி. சில்லுக்குக் குங்குமமும் திருநீறும் பூசி எந்தச் சாமியை வரவழைக்கப் போகிறீர்கள் என்று ஒரு நாள் குடில் வாசலில் நின்று கேட்டார்.

முதல் தடவை ரோச் லைற் பல்ப் ஒன்று மின்மினி அளவுக்குச் சிவந்து அணைந்தது. இரண்டாம் தடவை குடிலுக்குள் இருந்து புகை வந்தது. கம்பி, கப்பலில் இருந்து கழற்றிய பழைய செம்புக் கம்பி. அதன் மேலுறை உக்கிப்போயிருந்தபடியால் பருத்தி நூல் சுற்றியிருந்தார்கள். பருத்தி கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக் கருகிப்போனது. பட்டு நூல் என்றால் தாங்கும் என்றார் தண்டையல். சேலைத் துணிக்கே கூப்பன் கேட்கிற காலத்தில் பட்டுக்கு எங்கே போவது என்று இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் மாமி தன் அறையில், கூறைச் சேலையை மடியில் போட்டு, நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். தாலி கட்டிய அன்று உடுத்த சேலை. அரக்குச் சிவப்பு. கீழே ஒரு தேங்காய் மூடிக்குள் பட்டு நூல் குவிந்து கிடந்தது. நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், அம்மா ஐயாவிடம் சொன்னார், வீடு இரண்டுபட்டது. கட்டினவன் இருக்க ஒருத்தி கூறையைக் கிழிப்பாளா என்று அம்மா அழுதார். ஐயா குஞ்சியப்புவை அடிக்கப் போனார். மாமி மட்டும் தலை நிமிரவில்லை.

"என்ரை கூறை அண்ணை. நான்தான் குடுக்கிறன்," என்றார்.

அந்தச் சிவப்பு நூலைச் சுற்றிய பிறகுதான் அந்த வேலையின் அடிமுடி எனக்கு விளங்கியது, அதாவது விளங்கியதாக நினைத்தேன். குடிலின் மூலையில் சாக்கு மூடி ஒரு றேடியோ இருந்தது. தண்டையலுடையது. அனுமதிச் சீட்டு இல்லாதது, பற்றறி செத்துப் போனது. கடையில் கொண்டுபோய்ப் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றினால், இதற்கு றேடியோ எங்கே என்று கேள்வி வரும். அதனால்தான் வீட்டிலேயே மின்சாரம் செய்யப் புறப்பட்டிருந்தார்கள். மாமி குடில் வாசலில் நிற்க, தண்டையல் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் பின்பக்கம் இருந்து கேட்டேன்.

"பின்னேரத்திலை சிங்கப்பூர் றேடியோவிலை தமிழிலை எங்கடை ஆக்களின்ரை பேர் வாசிக்கினமாம் தங்கச்சி. கேட்ட ஆக்கள் சொல்லுகினம்."

மாமி, "இல்லாமல் போனவையின்ரை பேரையும் வாசிக்கினமோ?" என்று கேட்டார்.

"ஓம். அதையும்தானாம்."

சிங்கப்பூரும் அப்போது ஜப்பான்காரன் கையில்தான். எங்கள் ஆட்களின் பெயர் ஜப்பான்காரனுக்கு எப்படிப் போனது? குஞ்சியப்புதான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். என் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்குமா என்று நினைத்து அன்று சோறும் இறங்கவில்லை.

பிறகு அந்தச் சோதனை. மின்சாரம் ஒரே பக்கமாகப் பாய்ந்தால்தான் பற்றறி ஏற்குமாம். அதைப் பார்க்கத் தண்டையல் தன் கப்பல் திசைகாட்டியைக் கொண்டுவந்து, பெட்டியைச் சுற்றி நாலு சுற்றுக் கம்பி ஓட்டினார். காந்தங்கள் கிட்ட இருந்தால் ஊசி குழம்பும் என்பதால் அதைக் குடிலுக்கு வெளியே, நீண்ட கம்பியில், வேப்பமரத்தடியில் வைத்தார்கள். ஊசியைப் பார்த்துச் சொல்லும் வேலை மாமிக்கு. நான் மரத்தின் மற்றப் பக்கத்தில், எறும்புக் கடியைத் தாங்கிக்கொண்டு ஒளித்திருந்தேன்.

முந்திய நாட்களில் ஊசி நின்ற இடத்திலேயே நடுங்கியதாம். இப்போது ஒரு செம்பு வளையத்தைத் துண்டுகளாக வெட்டி, மின்சாரம் ஒரே பக்கமாகப் பாயக் கம்பி முனை உரசும்படி சில்லோடு பொருத்தியிருந்தார்கள். உள்ளே குஞ்சியப்பு சைக்கிள் மிதியைக் கையால் பிடித்துச் சுற்ற, சங்கிலி இரைந்தது. வடக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஊசி மெல்ல அசைந்தது, திரும்பியது, கிழக்கே போய் நின்றது. நடுங்காமல் நின்றது.

"அக்கா, என்ன செய்யுது?" என்று குஞ்சியப்பு உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"கிழக்கை பாக்குது," என்றார் மாமி.

குடிலுக்குள் இரண்டு வளர்ந்த ஆண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். மாமி எழும்பவில்லை. உள்ளங்கையால் நெற்றியை, பொட்டு இருந்த இடத்தை, மூடிக்கொண்டு அந்த ஊசியையே பார்த்தபடி இருந்தார். எனக்கோ வழக்கு முடிந்துவிட்டது. ஜப்பான் கிழக்கே இருக்கிறது என்று பூமிசாத்திரப் பாடத்தில் படித்திருக்கிறேன். குஞ்சியப்புவின் மெஷின் எதிரியைக் கை நீட்டிக் காட்டுகிறது.

மறுநாள் காலையில் இருந்து பற்றறிக்கு மின்சாரம் ஏற்றத் தொடங்கினார்கள். அன்று பின்னேரமே றேடியோவைப் போடுவது என்று தீர்மானம். ஐயாகூட ஒரு முறை வந்து சில்லைச் சுற்றிக் கொடுத்தார். வெளியே மூச்சு விடக் கூடாது என்று அம்மா என் காதை முறுக்கிச் சொன்னார். ஐயா சொன்னார். குஞ்சியப்பு கும்பிட்டே கேட்டார். நானும் தலையாட்டினேன்.

பத்து மணி இருக்கும். மாமி என்னைப் பின்வளவுக்குக் கூப்பிட்டார். முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைக் கையில் தந்து, விதானையார் வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வா என்றார். விதானையார்தான் எங்கள் ஊருக்குத் தலைவர், அரசாங்கத்தின் கண்ணும் காதும். மாமி என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் பூட்டிவிட்டு, தலைமயிரை ஒதுக்கினார்.

"விதானையார் ஏதும் கேட்டால் பொய் சொல்லக் கூடாது பிள்ளை," என்றார்.

விதானையார் விறாந்தையில் கூப்பன் அலுவலாக வந்த இரண்டு பேரோடு இருந்தார். நல்ல மனிதர். என்னைக் கண்டதும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதைத்தான் கேட்டார், வீட்டில் என்ன புதினம் என்று. நான் சொன்னேன். சில்லு, நாக்கு, கூறை, கிழக்கே பார்க்கிற ஊசி, பெயர் வாசிக்கிற பெட்டி, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறிக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் விதானையார் சைக்கிளில் என்னைக் கடந்து போனார்.

அவர் ஐயாவிடம் சொன்னதை நான் படலையில் நின்று கேட்டேன்.

"இனி நான் தெரியாதெண்டு சொல்லேலாது. ரெண்டு பேர் கேட்டிட்டினம். நாளைக்குக் காலமை பொலிசோடை வருவன். வரேக்கை இஞ்சை ஒண்டும் இருக்கக் கூடாது."

பின்னேரத்துக்கு முதல் எல்லாம் முடிந்துவிட்டது. தண்டையல் றேடியோவையும் திசைகாட்டியையும் ஒரு வண்டி ஓலைக்குக் கீழே வைத்துத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். ஐயா காந்தங்களை ஒவ்வொன்றாகப் பாழ்கிணற்றுக்குள் போட்டார். குங்குமமும் திருநீறும் பூசியபடியே அவை போயின. குஞ்சியப்பு கழன்ற சில்லைக் கையில் வைத்துக்கொண்டு குடில் வாசலில் இருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அம்மா ஈர்க்குக் கட்டால் அடித்த அடி ஒரு கிழமை இருந்தது.

மாமி மட்டும் அடிக்கவில்லை, ஏசவில்லை. சிவப்பு நூல் சுற்றிய கம்பிச் சுருளை எடுத்துத் தன் பெட்டகத்துக்குள் வைத்தார். பிறகு என்னை மடியில் இருத்தி, அடிபட்ட இடத்துக்கு நல்லெண்ணெய் பூசி, தலை வாரிப் பின்னிவிட்டார். கனநாளைக்குப் பிறகு மாமி வயிறாரச் சாப்பிட்டதும் அன்றுதான். மாமியும் ஒற்றர்களுக்குப் பயந்துதான் இருந்திருக்கிறார், நான் பிடித்துக் கொடுத்ததில் அவருக்கு நிம்மதி என்று நினைத்து, அடியின் நோவுக்குள்ளும் எனக்குப் பெருமையாக இருந்தது.

யுத்தம் முடிந்து தபால் ஓடத் தொடங்கிய பிறகு, மலாயாவில் கூட வேலை செய்த ஒருவரிடம் இருந்து கடிதம் வந்தது. மாமியின் புருஷன் காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். கடிதம் நின்ற முதல் வருடத்திலேயே. நாங்கள் வேப்பமரத்தடியில் ஊசியைப் பார்த்தபோது அவர் போய் எத்தனையோ மாதம். மாமி கடிதத்தை நின்றபடி வாசித்தார், திகதியை இன்னொரு தரம் பார்த்தார், கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது.

வளர்ந்த பிறகு கனகாலம் என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒரு பெண் தன் கூறையையே பிரித்துக் கொடுத்துக் கேட்கக் காத்திருந்த செய்தியை, என் வாய் கெடுத்துவிட்டதே என்று. ஊசி காட்டிய கிழக்கில் ஜப்பான் மட்டுமல்ல, மலாயாவும் இருந்தது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாமி உயிரோடு இருக்கும்வரை அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாமி செத்து, எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த பின்னேரம்தான், பெட்டகத்தில் இருந்து எடுத்த அந்தச் சிவப்புச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது, வேறு ஒரு சந்தேகம் வந்தது. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த றேடியோ வாய் திறந்திருந்தால் மாமி அன்றே பொட்டை அழிக்க வேண்டி வந்திருக்கும். திறக்காததால் இன்னும் இரண்டு வருடம் அவர் ஒருவருடைய பெண்சாதியாக இருந்தார். வாயில் ஒன்றும் நிற்காத பிள்ளை நான் என்பது ஊருக்கே தெரியும். அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் அண்ணை கையில்தான் போகும். முருங்கைக்காய்க் கட்டோடு நான் படலையைத் திறந்தபோது, அண்ணை மாமரத்தடியில் சும்மாதான் குந்தியிருந்தார்.