கண்ணாடி மேசையில் கிடந்த டிராப்பர்

மாத்தளை டவுன்ல பாமசி வேலைக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம். நின்னு நின்னு காலு ரெண்டும் வீங்கிக் கிடக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கலாம், ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லித்தான் வாய் அலுத்துப்போச்சு. கைக்குழந்தைக்குக் காய்ச்சலுக்குக் குடுக்குற சொட்டு மருந்து, பெரிய புள்ளைங்களோட பாணி மருந்தை, அந்த சிரப்பைவிட நாலு மடங்கு கடுமை. கூட வர்ற டிராப்பர்லதான் அளக்கணும். தாய்மாரை எனக்கு முன்னாலயே தண்ணியில உறிஞ்சிக் காட்டச் சொல்லுவேன். பின்னால நிக்கிறவங்க முணுமுணுப்பாங்க.

அன்னைக்குச் சொல்லல. மழை விடாம பேஞ்ச நேரம், ஊரெல்லாம் காய்ச்சல். தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு பொண்ணு, தோள்ல ஆறு மாசக் குழந்தையோட வந்தா. பல்லேகம பஸ்ஸைப் புடிக்கிற அவசரம். அளவு சொல்ல நான் வாயெடுத்ததுமே, "தெரியும் மிஸ், மூத்தவளுக்கும் குடுத்திருக்கேனே"ன்னா. சரி, போங்கன்னு விட்டுட்டேன். சோம்பல்தான், வேற பேர் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆளுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துத் துண்டை வாங்கும்போது பார்த்தா, கண்ணாடி மேசை மேல அவ டிராப்பர் கிடக்கு. அதைக் கையில எடுத்தேன். கதவைச் சாத்திட்டு, வரிசையில நின்ன அஞ்சு பேரோட ஏச்சையும் வாங்கிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஓட்டம்னா என்ன, காலை இழுத்து இழுத்து ஒரு நடை.

பஸ் கிளம்புற மாதிரி உறுமிக்கிட்டு நிக்குது. நடு சீட்டுல அவ. குழந்தை வீறிட்டு அழுவுது. போத்தல் மூடி நெறைய மருந்தை ஊத்தி வாய்கிட்ட கொண்டுபோயிட்டா. கையை எட்டிப் புடிச்சேன். அம்புட்டும் என் சேலையில.

"ஏன் மிஸ்? மூத்தவளுக்கு மூடியாலதானே குடுப்பேன்."

"அது பாணிம்மா, இது சொட்டு. இத மூடி நெறைய நாலு வேளை குடுத்தா புள்ளையோட ஈரலே கெட்டுப்போயிரும்."

அவ முகம் வெளுத்துப்போச்சு. டிராப்பர்ல கோடு வரைக்கும் உறிஞ்சிக் காட்டி, அவளையும் உறிஞ்ச வச்சு, அவ கையாலயே குடுக்க விட்டேன். கண்டக்டர் சிங்களத்துல ஏசினாரு, இறங்கிட்டேன்.

திரும்பி நடக்கும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். இவ டிராப்பரை மறந்துட்டுப் போனதால எனக்குத் தெரிஞ்சுது. அதைப் பத்திரமா பையில போட்டுக்கிட்டுப் போயி, வீட்டுல மூடியாலயே குடுத்தவங்க எத்தனை பேரோ? நான் அலுத்துப்போயி, சரி போங்கன்னு அனுப்பி வச்சவங்க.