மார்லீன் நிறுத்தாத இடம்

மார்லீன் வோய்சிக் டிசம்பர் இருபத்தேழாம் தேதி பிறந்தவள். அந்தத் தேதியை அவள் வாழ்நாள் முழுக்க ஒரு புகாராகவே சொல்லிவந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள். யாருக்கும் கேக்கைப் பார்க்கப் பிடிக்காது. சிகாகோவின் தென்மேற்கில் அவள் வளர்ந்த வீட்டில், பண்டிகைக்குச் செய்து மிஞ்சிய கசகசா ரொட்டியில் ஒரு மெழுகுவத்தியைச் செருகி வாழ்த்துப் பாடிவிடுவார்கள். பரிசு முன்பே கொடுத்தாகியிருக்கும், "இது ரெண்டுக்கும் சேத்து" என்று. அவள் தம்பி ஜூலையில் பிறந்தவன். அந்த அநியாயத்தை அறுபது வயதுக்கு மேலும் அவள் மறக்கவில்லை.

போன அக்டோபரில் அவளை அடக்கம் செய்தோம். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று ஆரம்பித்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. அவளோடு ஒரு தடவையாவது காரில் போனவர்கள் என்னைப் புரிந்துகொள்வார்கள்.

கல்யாணமாகி விஸ்கான்சினில் எங்கள் சிற்றூருக்கு வந்தவள். கணவன் கார்ல் இறந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் நூலகர், பெவ் சமையல்காரி, மார்லீன் பேருந்து ஓட்டுநர். முப்பத்தொரு வருடம் அதே பதினாலாம் எண் வண்டி. பள்ளிப் பேருந்து ரயில் பாதையைக் கடக்கும்முன் முழுதாக நிற்க வேண்டும், கதவைத் திறந்து சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. மார்லீன் தன் சொந்தக் காரிலும் அதையே செய்தாள். தண்டவாளத்தின் முன் நிறுத்துவாள், ஜனவரிக் குளிரில் கண்ணாடியை இறக்குவாள், காது கொடுத்துக் கேட்பாள். பின்னால் நாலு வண்டி ஒலியெழுப்பும். "கத்தட்டும். ரயிலு கத்துறது கேக்கணும்ல?" என்பாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டால், வீட்டுக் கதவு திறந்து ஒரு பெரியவர் முகம் தெரியும்வரை வண்டியை எடுக்க மாட்டாள். ஒருமுறை ஒரு வீட்டுக் கதவு நாற்பது நிமிடம் திறக்கவில்லை. நாற்பது நிமிடமும் இருபத்திரண்டு பிள்ளைகளோடு தெருவில் நின்றாள். பள்ளிக்கூடத் தொலைபேசியில் கத்திய பெற்றோர்களுக்குப் பதில் சொன்னது நான்.

அவளுக்கு ஒரே மகள், டேனா. விமானப் பணிப்பெண். கிறிஸ்துமஸ் வாரத்தில் அவர்களுக்கு விடுமுறை கிடைப்பதில்லை. ஒன்பது வருடமாக டேனா தன் அம்மாவின் பிறந்தநாளுக்குத் தொலைபேசியில்தான் வந்தாள். மார்லீன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். தம்பியின் ஜூலை மாதத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவள், இதைப் பற்றிப் பேசவே மாட்டாள். அதனால்தான் அது அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மூன்று பேரும் சிகாகோ போவதாக முடிவானது. நானும் பெவ்வும் ரகசியமாக டேனாவிடம் பேசினோம். இருபத்தேழாம் தேதி மாலை அவளுக்கு இரண்டு விமானங்களுக்கு நடுவில் நாலு மணி நேரம் கிடைத்தது. மார்லீன் வளர்ந்த பகுதியில் ஒரு போலிஷ் உணவகத்தில் ஐந்தரைக்கு மேசை சொல்லிவைத்தோம். டேனா அங்கே வந்து காத்திருப்பாள். ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் கிளம்பியாக வேண்டும். மார்லீனுக்குச் சொல்லக் கூடாது. அது என் யோசனை. அவள் கதவைத் திறந்ததும் மகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

முந்தின நாள் சிகாகோவில் முழங்காலுக்குப் பனி. விடுதியிலிருந்து டாக்சியில் போகலாம் என்றேன்.

"என் கார் எதுக்கு இருக்கு? காட்சிக்கா?" என்றாள் மார்லீன்.

"ரயில்ல போலாமே, ஸ்டேஷன்லேருந்து நாலு தெருதான்," என்றாள் பெவ்.

"பொறந்தநாளும் அதுவுமா பனியில நடக்க விடுறீங்களாடி?"

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சாதாரண நாளில் இருபது நிமிட தூரம். பனியில், மார்லீன் ஓட்டினால், ஐம்பது. வழியில் ஒரு தண்டவாளம். நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். பின்னால் ஒரு லாரிக்காரர் கையை ஒலிப்பானிலிருந்து எடுக்கவே இல்லை. பின்னிருக்கையில் பெவ்வின் கைப்பேசி ஒலித்தது. டேனா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யாருடி அது, நொய்நொய்னு?"

"என் தங்கச்சி. கேக் எப்படின்னு கேக்குறா."

"கேக்கே இன்னும் வரல. அவளுக்கு என்ன அவசரம்?"

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உணவகத் தெருவுக்கு வந்தோம். மார்லீன் வளர்ந்த தெருக்கள் அவை. எங்கும் கார்கள் பனியில் புதைந்திருந்தன. இருந்த சில காலி இடங்களில் நாற்காலிகள். சிகாகோவில் அது ஒரு வழக்கம். தெருவில் ஒரு கார் அளவுக்குப் பனியை வாரியவர், வெளியே போகும்போது பழைய நாற்காலி எதையாவது அங்கே போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்வரை அது அவருடைய இடம். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் தொடுவதில்லை.

முதல் சுற்றில் இடமில்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை.

"எங்கள வாசல்ல எறக்கிவிட்டுட்டு நீ தேடேன்," என்றாள் பெவ். உடனே தன் தவறு புரிந்து, "இல்ல, நீ எறங்கு, நாங்க தேடுறோம்," என்று மாற்றினாள்.

"என் வண்டிய நீ ஓட்டுவியா? சோறு வடிக்கிற கைய வச்சிக்கிட்டு? மூணு பேரும் ஒண்ணா போறோம். என் பொறந்தநாளு."

மூன்றாவது சுற்றில், உணவகத்துக்கு எதிரிலேயே, சுத்தமாக வாரிய ஓர் இடம். நடுவில் இரண்டு சமையலறை நாற்காலிகள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு துடைப்பம். மணி ஆறு பத்து.

"அத எடுத்து ஓரமா வச்சா என்ன?" என்றேன்.

மார்லீன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் தேவாலயத்து உண்டியலில் கை வைத்தது போலிருந்தது.

"யாரோ ரெண்டு மணி நேரம் முதுகொடிய வாரியிருக்காங்க. எங்கப்பா ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து வாருவாரு. ஒரு தடவ எவனோ நாற்காலிய நகத்திட்டு நிறுத்திட்டான். அவர் நேரா உள்ள வந்து, கையுறையக்கூட கழட்டாம அழுதாரு. நான் பாத்தேன்."

ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம், ஒளி தெரிந்த அந்தச் சன்னலுக்குப் பின்னால் டேனா உட்கார்ந்திருந்தாள். பெவ்வின் கைப்பேசி மறுபடி ஒலித்தது.

பெவ் பொறுமை இழந்தாள். கார் நின்றிருந்தபோதே கதவைத் திறந்து இறங்கி, ஒரு நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்தாள். மாடிச் சன்னல் திறந்தது. "ஏம்மா, அத வாருனது உங்க வீட்டு ஆளுங்களா?" என்று ஒரு ஆள் கத்தினார். மார்லீன் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி, பனியில் நிதானமாக நடந்து, நாற்காலியை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்து, துடைப்பத்தையும் நேராக வைத்தாள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. அவ வெளியூரு."

"சரி, சரி. போங்க."

மறுபடி சுற்றினோம். நான்கு, ஐந்து. ஒவ்வொரு முனையிலும் முழுதாக நின்று, இரு பக்கமும் பார்த்து, எங்கள் முன்னால் கடந்து போன ஒரு நாய்க்காகக்கூட நின்றாள். "நாயி, பாவம்," என்றாள். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு முனையிலும் நினைத்தேன். அடுத்த தெருவில் கிடைத்துவிடும், அடுத்த தெருவில் கிடைத்துவிடும் என்று ஒவ்வொரு முனையிலும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு முப்பத்துநாலுக்கு நான் கத்தினேன்.

"டேனா உள்ள இருக்காடி! அஞ்சரை மணியிலேருந்து உக்காந்திருக்கா! ஏழு அஞ்சுக்குப் போயிருவா!"

மார்லீன் பிரேக்கை மிதித்தாள். அப்போதும் திடீரென்று இல்லை. முதலில் விளக்கைப் போட்டு, ஓரம்கட்டி, பிறகு.

"டேனாவா? எங்க டேனாவா?"

"வேற எந்த டேனா?"

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். சாவி வண்டியிலேயே இருந்தது. முப்பது வருடத்தில் அவள் ஓட்டுநர் இருக்கையை யாருக்கும் கொடுத்ததில்லை, கார்லுக்குக்கூட. என்னைப் பார்த்து, "கண்ணாடிய மாத்தாத. சீட்ட மாத்தாத," என்றாள். பிறகு ஓடினாள். அறுபத்தைந்து வயது, பனிக் காலணி, தோள்பை முழங்காலில் இடிக்க, நடுத்தெருவில் ஓடினாள். பெவ் பின்னாலேயே, "வழுக்கும்டி, வழுக்கும்டி!" என்று கத்திக்கொண்டே.

ஆக, நான் ஏற்பாடு செய்த பிறந்தநாளில் நான் காரில் தனியாகச் சுற்றினேன். மார்லீன் என்னைவிட அரையடி உயரம். இருக்கையின் நுனியில் தொங்கிக்கொண்டு, பின்பக்கக் கண்ணாடியில் மேற்கூரையை மட்டும் பார்த்தபடி ஓட்டினேன். கதவைத் திறந்ததும் அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. பெவ்வைக் கேட்டேன். "அழுதா," என்றாள். பெவ்வுக்கு வர்ணிக்க வராது.

உணவகச் சன்னலைக் கடந்தபோதெல்லாம் கொஞ்சம் தெரிந்தது. முதல் தடவை, மார்லீன் இரண்டு கைகளாலும் டேனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். இளைத்துப் போனதற்காக இருக்கலாம். அடுத்த தடவை கேக் வந்திருந்தது. வெறும் வெள்ளை கேக், சிவப்போ பச்சையோ ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்று பெவ் கடையில் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அதற்கடுத்த தடவை என் பின்னால் ஒரு வண்டி ஒலியெழுப்பியதால் நிற்க முடியவில்லை. இரண்டு தலைகள் ஒரே தட்டின் மேல் குனிந்திருந்தது மட்டும் தெரிந்தது. கடைசித் தடவை, வாசலில் டாக்சி. மார்லீன் தன் மகளுடைய மேலங்கியின் பொத்தான்களைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். டேனாவுக்கு முப்பத்தெட்டு வயது.

ஏழே காலுக்கு, மூன்று தெரு தள்ளி, யாரோ வண்டியை எடுத்தார்கள். அங்கே நாற்காலி எதுவும் இல்லை. நான் நிறுத்திவிட்டு நடந்து போனபோது பியரோகி என்ற போலிஷ் கொழுக்கட்டை ஆறிப்போயிருந்தது.

"எத்தன முனையில நிக்காம போன?" என்றாள் மார்லீன். "நான் சன்னல் வழியா பாத்தேன். ரெண்டு."

"எனக்குச் சாப்பாடு இருக்கா இல்லையா?"

தட்டை என் பக்கம் தள்ளினாள். கண்கள் வீங்கியிருந்தன. கேக்கில் எனக்காக ஒரு பெரிய துண்டு வெட்டி வைத்திருந்தாள். நான் இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்தாள்.

"இத எனக்கு எப்ப சொல்லணும்னு நெனச்சிருந்த?"

"சொல்லக் கூடாதுன்னுதான். ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"எனக்கு என்னத்துக்குடி ஆச்சரியம்?" குரல் உயரவில்லை. "விடுதியிலயே சொல்லியிருந்தா காரத் தொட்டிருக்கவே மாட்டேன். ரயில்ல வந்திருப்பேன். அஞ்சரைக்கு அவ வந்தப்ப நான் இங்க உக்காந்திருப்பேன்."

பெவ் தன் தட்டைப் பார்த்தாள். ஒரு மணி நேரமாக அவள் பிடிவாதத்தைத்தான் நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"சரி விடு," என்றாள் மார்லீன். "அரை மணி நேரம் கெடச்சுது."

பத்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சமையலறையில் விழுந்தாள். அப்போது டேனா எங்கோ கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்தாள். நடுவில் இரண்டு தடவை வர முயன்று, இரண்டு தடவையும் முடியாமல் போயிருந்தது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது டேனா என்னிடம் வந்தாள். "அன்னைக்கு சிகாகோல ஏன் ஆண்ட்டி அவ்ளோ நேரமாச்சு? அம்மா கடைசி வரைக்கும் சொல்லல. கேட்டா, பனின்னு சொல்லிட்டா."

"உங்கம்மாதான்," என்றேன். "ஒரு நாற்காலிய நகத்த மாட்டேன்னுட்டா."

நான் நாற்காலியின் கதையைச் சொன்னேன், துடைப்பத்தை நேராக வைத்ததுவரை. டேனா சிரித்தாள், பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த பழைய ஓட்டுநர்களும் சிரித்தார்கள். அதானே, அவ நகத்துவாளா, என்றார் ஒருவர். பெவ் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை, விடுதியில் நான் வாயை மூடிக்கொண்டதை, நான் சொல்லவில்லை.