நேராக நின்ற புகை

பாயான் பாரு நகரில் நான் புது வீடுகளை விற்றுக்கொண்டிருந்தபோது, உச்சி வெயிலில் ஓர் அம்மையார் வந்தார். கையில் கறுப்புக் குடை, நெற்றியோர முடியில் மட்டும் நரை. அறைகளைப் பார்க்கவே இல்லை. கூடத்தின் நடுவில் நின்று, கைப்பையிலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினார். சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் புகை அசையாமல் நேராக மேலே போனது.

"காத்தே ஓடலையே, தம்பி."

"ஏர்கான் போட்டா சரியாப் போயிடும் லா, அக்கா."

"அதுக்கு வீடு எதுக்கு? ஐஸ்பெட்டியே போதுமே."

பத்தியைச் சன்னலில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்த தம்பதி, வாசனையை வைத்துப் பூஜை போட்ட வீடு என்று மகிழ்ந்து, அப்போதே எடுத்துக்கொண்டார்கள். குடிவந்த மாதமே ஏர்கானும் போட்டார்கள்.

அந்த அம்மையாரின் புகை கடைசியில் எந்த வீட்டில் சாய்ந்ததோ, இன்றும் யோசிக்கிறேன்.