இருபத்தொரு தோடம்பழங்கள்

பதினொரு வருடம் வேலையிடத்தில் நான் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்கழியில் எங்கள் சூப்பர்வைசர் எல்லோரையும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவார். "எனக்கு வயிறு சரியில்லை" என்று சொல்லி நான் நின்றுவிடுவேன்.

வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சாப்பாடு எப்படியோ பிள்ளையார் விரத நாட்களுக்குள்தான் வந்து விழும். இருபத்தொரு இழை நூலை இடது கையில் காப்பாகக் கட்டி, இருபது நாள் ஒருவேளைச் சாப்பாடு. அதுவும் குளித்து முழுகி வீட்டில் சமைத்த மரக்கறி. இருபத்தோராம் நாள் தண்ணீர் மட்டும். மறுநாள் காலை பிள்ளையாருக்குப் படைத்த பிறகுதான் பாறணை, வாயில் ஏதும் வைப்பது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எப்படிச் சொல்வது? வயிறு என்றால் ஒரு சொல்லோடு முடிந்தது.

விரதத்துக்குக் காரணம் என் கணவர். ஜேர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்த முதல் குளிரில் நுரையீரலில் சளி கட்டி ஆசுபத்திரியில் கிடந்தார். ஆறு நாள் கண் திறக்கவில்லை. நான் வாசலில் நின்று, "இவரைத் தா, இருபத்தொரு வருடம் உனக்கு விரதம் பிடிக்கிறேன்" என்று நேர்ந்தேன். ஏழாம் நாள் கண்ணைத் திறந்து தேத்தண்ணி கேட்டார். இன்றைக்கும் கேட்டபடிதான் இருக்கிறார்.

போன மார்கழி அந்த இருபத்தோராவது வருடம். எங்கள் சூப்பர்வைசருக்கும் அதுதான் கடைசி மார்கழி. கானா நாட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது மூப்பு, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். லண்டன் பிரிட்ஜ் பக்கத்து அலுவலகக் கட்டடம் ஒன்றில் நாங்கள் ஆறு பேர் அவருக்குக் கீழே துப்புரவு வேலை செய்தோம். பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகப் போகிறேன் என்றவர், கார்த்திகை தொடங்கும்போதே ஒரு படிவத்தை என் கையில் தந்தார்.

"சிஸ்டர், இந்த முறை உன்ர வயிறு சுகமாயிருக்க வேணும். ஸ்பானிஷ் கடை ஒண்டு பிடிச்சிருக்கிறன். மரக்கறிச் சாப்பாடு இருக்கோ எண்டு நானே போன் பண்ணிக் கேட்டனான். உனக்காகத்தான்."

படிவத்தில் ஒரே விலைக்கு மூன்று சுற்றுச் சாப்பாடு. முதலில் இது, பிறகு அது, கடைசியில் இனிப்பு என்று பெட்டிகள். வீட்டுக்கு வந்து குசினிக் கதவில் தொங்கும் ஊர்க் கலண்டரைப் பார்த்தேன். விரதம் புதன்கிழமை முடிகிறது. சாப்பாடு வியாழக்கிழமை. பிள்ளையாரே ஒதுக்கித் தந்தது போல இருந்தது. மரக்கறிப் பெட்டிகளில் எல்லாம் பெரிதாகச் சரி போட்டுக் கொடுத்தேன்.

அங்கேதான் பிழை விட்டேன். ஊர்க் கலண்டர் ஒரு பஞ்சாங்கம், இங்கே கோயில் கலண்டர் இன்னொரு பஞ்சாங்கம். சில வருடங்களில் ஒரு நாள் முன்பின்னாக வரும். சைவ வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் காப்புக் கட்டியது விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில், கோயில் கணக்குப்படி. படிவத்தை நிரப்பியது ஊர்க் கணக்குப்படி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பூசையில் பக்கத்தில் நின்ற பெண் கேட்டார். "வியாழக்கிழமை பின்னேரம் காப்பு அவிழ்க்க வாறியள்தானே அக்கா?"

"வியாழனோ?"

"ஓம், அண்டைக்குத்தானே கடைசி நாள்."

அதே வியாழன்தான் ஸ்பானிஷ் கடைச் சாப்பாடும். இருபத்தொரு வருடத்தின் கடைசி நாள், பச்சைத் தண்ணீரோடு இருக்க வேண்டிய நாள், எனக்காகவே பிடித்த கடையில் எனக்காகவே சொன்ன சாப்பாடு.

வீட்டில் என் கணவர் சோபாவில் இருந்தபடி தீர்ப்புச் சொன்னார். "இஞ்சேரும், ஒரு வாய் சாப்பிட்டா என்ன? பிள்ளையார் கோவிக்க மாட்டார்."

"பிள்ளையார் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன்."

"அப்ப போகாதையும். வயிறு எண்டு சொல்லும்."

"பன்னிரண்டாம் தரமோ? அந்த மனுசி ஊருக்குப் போகுது. இனி எங்க காணப்போறன்?"

"எல்லாம் என்னாலதான்" என்றார் பாவமாக.

"ஓம், உங்களாலதான். உங்களுக்காகத்தான். பேசாம இருங்கோ."

வியாழக்கிழமை காலை ஷிப்டை முடித்து, கையைக் கழுவி, ஆறு பேரும் சூப்பர்வைசரும் நடந்தே போனோம். கதவைத் திறந்தால் கவுண்டருக்கு மேலே முழுப் பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. பிள்ளையாரே, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். மேசையில் கிறிஸ்துமஸுக்குப் போடும் கடுதாசிக் கிரீடங்கள். சூப்பர்வைசர் தானே எழும்பி வந்து என் தலையில் ஒன்றை வைத்து, தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.

முதல் சுற்று வந்தது. மற்றவர்களுக்கு இறால். எனக்குக் கீரை போட்ட கடலை. நல்ல வாசம். இருபது நாள் ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்த உடம்பு அந்த வாசத்துக்குப் பின்னால் எழும்பிப் போகப் பார்த்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் அகலமான இரும்புச் சட்டியில் மஞ்சள் சோறு வந்தது. எனக்கென்று மரக்கறி போட்ட தனிச் சட்டி. அப்போதுதான் சூப்பர்வைசர் என் தொடாத தட்டைப் பார்த்தார். கையில் இருந்த முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டார்.

"இண்டைக்குமோ, சிஸ்டர்?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தேடித் தேடிப் பிடித்த கடை அவர் கண்ணில் தெரிந்தது.

நான் சட்டைக் கையை மேலே இழுத்துக் காப்பைக் காட்டினேன். உடைந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசுபத்திரி வாசல், ஆறு நாள், இருபத்தொரு வருடம், இரண்டு கலண்டர், இன்றைக்குத்தான் கடைசி நாள் என்பது, வயிறு ஒருநாளும் வருத்தப்படவில்லை என்பது. சொல்லி முடித்தபோது கடுதாசிக் கிரீடம் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பதினொரு வருசம்! பதினொரு வருசமா உன்ர வயித்துக்காக நான் சேர்ச்சில ஜெபிச்சுக்கொண்டிருக்கிறன்!"

மேசை வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "வீண்போகேல்ல," என்றார். "புருசன் உயிரோட இருக்கிறார்தானே."

எனக்கு எங்கிருந்தோ ஒரு தென்பு வந்தது. எழும்பினேன். எனக்கென்று வந்த சட்டியையும் கரண்டியையும் எடுத்தேன். பரிமாற எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கோயில் அன்னதானத்தில் எத்தனை பந்திக்குப் போட்டிருப்பேன். வலப்பக்கத்தில் தொடங்கி ஆறு தட்டுக்கும் அந்த மஞ்சள் சோற்றை வைத்தேன். எங்களோடு வேலை செய்யும் கொலம்பியாக்காரி கையால் தட்டை மூடினாள்.

"போதும், போதும்! வெடிச்சிடுவன்!"

மூடாத பக்கத்தால் ஒரு கரண்டி வைத்தேன்.

"இது சண்டித்தனம்" என்றாள்.

"இதுதான் எங்கட பழக்கம்" என்றேன்.

வெயிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நாளைக்கு இங்கே வேலைக்கு வர முடியுமா என்று என்னைக் கேட்டார்.

கடைசியில் பாதாம் இனிப்போடு ஆளுக்கொரு சின்ன ஒரேஞ்சுத் தோடம்பழம் வைத்தார்கள். சூப்பர்வைசர் பழத்தை உருட்டியபடி கேட்டார். "இண்டைக்கு உன்ர சாமிக்கு என்ன கொண்டுபோவாய்?"

"பழம். இருபத்தொண்டு."

அவர் தன் பழத்தை எனக்கு முன்னால் வைத்தார். ஒவ்வொருவராக வைத்தார்கள். என்னுடையதோடு ஏழு. கொலம்பியாக்காரி ஸ்பானிஷில் வெயிட்டரிடம் ஏதோ அடுக்கடுக்காகச் சொன்னாள். அவர் உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்து, கடை முழுக்கக் கேட்கும்படி எண்ணி எண்ணி வைத்தார். பதினேழில் கிண்ணம் முடிந்தது. இன்னும் நாலு. பக்கத்து மேசையில் டை கட்டிய இரண்டு ஆட்கள், என்ன ஏது என்றுகூடக் கேட்காமல், தங்கள் பழங்களை நீட்டினார்கள். பத்தொன்பது. கொலம்பியாக்காரி கோட்டும் போடாமல் குளிரில் ஓடினாள், தெருமுனைக் கடைக்கு. திரும்பி வந்து, இரண்டு கையிலும் ஒவ்வொரு பழத்தைத் தூக்கிக் காட்டினாள். பந்தயம் கட்டிய குதிரை வென்றுவிட்டதுபோலக் கடையே கைதட்டியது.

"உன்ர பின்னேர நாலு மணி ஷிப்டை நான் பாக்கிறன்," என்றார் சூப்பர்வைசர். "நீ போ. இப்பவே போ."

ரயிலில் பை மடியில் கனத்தது. விம்பிள்டனில் என் கணவர் வேட்டிக்கு மேலே தடித்த ஜக்கெட்டோடு வாசலில் காத்துக்கொண்டு நின்றார். பழங்களைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தோம். ஐயர் நூலை அவிழ்த்தபோது கை காற்றைப் போல இலேசானது. இருபத்தொரு வருடம். ஒரு நாளும் குறையவில்லை. பக்கத்தில் நின்ற மனிதர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

மறுநாள் வெள்ளி, சூப்பர்வைசரின் கடைசி நாள். விடிய முன்னமே பாறணையை முடித்துக்கொண்டு, பிரசாதப் பழம் ஒன்றோடு வேலைக்குப் போனேன். வாளிகள் வைக்கும் அறையில் அவர் நின்றார். பழத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கி மணந்து பார்த்துவிட்டு, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டார்.

"வயிறு எப்பிடி, சிஸ்டர்?"

"நிறைஞ்சு போச்சு" என்றேன்.