ரூபிக்குப் போட்ட புள்ளடிகள்

"அந்தக் கறுத்த கை என்னைத் தொடக்கூடாது" என்றான் ஒரு நோயாளி, தாதி நாகேஸ்வரியைக் காட்டி. மேட்ரன் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். நாகேஸ்வரி அன்றைக்கே ரூபியின் கட்சியில் போய்ச் சேர்ந்தாள். நிறம் பார்த்து வேலையும் வீடும் மறுப்பவர்களை எதிர்க்க, ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்ணான ரூபி தொடங்கிய சின்னஞ்சிறு கட்சி அது.

1977 தேர்தலில் ரூபி நின்றாள். தன் சனம் பக்கத்தில் நிற்கும் என்று அவளுக்குச் சொல் கொடுத்துவிட்டு, பிளாக்டவுனில் இலங்கைத் தமிழர் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள் நாகேஸ்வரி. எல்லோரும் தேத்தண்ணி தந்து தலையாட்டினார்கள். கதிர்காமநாதன் மட்டும் மனதில் கிடந்ததைக் கக்கினார்.

"பிள்ளை, எங்களைக் கொண்டுபோய் அவையளோட சேர்க்காதை. நாங்கள் படிச்ச ஆக்கள்."

படித்த ஆள்! என்ஜினியர் பட்டத்தைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு ரயில்வே ஸ்டோரில் சாமான் அடுக்குகிற மனுசன். நாகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சனம் காலை வாரினால் எந்த முகத்தோடு ரூபி முன்னால் போய் நிற்பது?

வாக்கு எண்ணும்போது கட்சியின் சார்பில் அவள்தான் மேசையருகே நின்றாள். அதிகாரி சில சீட்டுகளைத் தனியே ஒதுக்கினார். எட்டிப் பார்த்தாள். ஐயோ! ரூபியின் பெயருக்கு நேரே புள்ளடி. ஊரில் வாக்களிக்கப் போடுகிற அதே பெருக்கல் குறி. ஒன்றல்ல, ஒரு கட்டு.

"தேர்தலில் நிற்கிற எல்லோருக்கும் வரிசையாக இலக்கம் போட வேண்டும். இவை செல்லாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் போல" என்று அதிகாரி சிரித்தார்.

"யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" அவள் கத்தியதில் மண்டபமே திரும்பியது. சட்டம் சட்டம்தான் என்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் கதிர்காமநாதன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் முகமெல்லாம் பல்.

"நான் ரூபிக்குத்தான் புள்ளடி போட்டனான். வரிசையில நிண்ட எங்கட ஆக்களுக்கும் சொன்னனான்!"

"எல்லாருக்கும் இலக்கம் போடுங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சனானெல்லோ, அண்ணை!"

"மறக்கேல்லை. வாசல்ல நிண்டு வாற எல்லாருக்கும் தன்ர கட்சிக் கடதாசி குடுத்த மற்றக் கட்சிக்காரன், என்னைக் கண்டதும் கையை இழுத்தான். கறுப்பனுக்கு இல்லையாம். அவன்ர ஆளுக்குக் கடைசி இலக்கமெண்டாலும் நான் ஏன் போட வேணும்?"

"அதாலதான் அவ்வளவும் செல்லாதெண்டு ஒதுக்கிப்போட்டாங்கள்."

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"அப்ப, எங்களை வெறுக்கிறவனுக்கும் ஒரு இலக்கம் குடுத்தால்தான் எங்கட வாக்கு வாக்கோ?"

"ஓம், அண்ணை" என்றாள் நாகேஸ்வரி. அந்த ‘ஓம்’ சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.