ஜெஞ்சாரோம் சாலையில் மட்டும் டிரைவர்

வாணி டிரெய்லரை விட்டு இறங்கிப் போனது தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம். ஜெஞ்சாரோமுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கிடங்கின் வாசலில், சரக்கேற்றிய வண்டி கிளம்பத் தயாராக நின்றிருந்தது. அவள் கையுறைகளைக் கழற்றினாள். மேலே போட்டிருந்த பச்சைப் பாதுகாப்புச் சட்டையையும் கழற்றி இருக்கையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரிய சாலையை நோக்கி நடந்தாள். கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்து ஓட்டுநர் நாகையா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ஹாரன் அடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று நான் இந்த நாட்டிலேயே இல்லை. வாணியும் நானும் கிள்ளானில் ஒரே அடுக்குமாடியில், எதிரெதிர் வீடுகளில் வளர்ந்தவர்கள். சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வாணி முதலில் ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பிரிக்பீல்ட்ஸ் அவளுடைய பகுதி. நிறுத்த இடம் கிடைக்காது. கிடைத்தால் லிஃப்ட் வேலை செய்யாது. அரிசி மூட்டையைக்கூட இணையத்தில் வாங்குகிறார்கள், அதைத் தூக்கிக்கொண்டு படியேறிக் கதவைத் தட்டினால், "ஏன் லேட்டு?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்வார்கள். அதே கம்பெனியின் டிரெய்லர்கள் கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு மொத்தச் சரக்கையும் இழுத்துக்கொண்டு போவதை அவள் தினமும் பார்த்தாள். அந்த ஓட்டுநர்கள் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. உயரத்தில் உட்கார்ந்து போகிறார்கள். அந்த இருக்கை தனக்கு வேண்டும் என்று முப்பத்திரண்டு வயதில் முடிவு செய்தாள்.

கம்பெனியில் அதற்கு ஒரு வழி இருந்தது. முதலில் ஓர் ஓட்டுநரிடம் கெலிண்டானாகச் சேர வேண்டும். கதவு திறப்பது, சரக்குக்குக் கட்டுப் போடுவது, பின்னால் எடுக்கும்போது கை காட்டுவது எல்லாம் கெலிண்டான் வேலை. வண்டியை யார்டுக்குள் மட்டும் ஓட்டிப் பழகலாம். சாலையில் தொடக் கூடாது. 'ஆள் தயார்' என்று ஓட்டுநர் சொன்னால், கம்பெனியே டிரெய்லர் லைசன்ஸ் எடுக்க அனுப்பும். ஓட்டுநர் சொல்லாவிட்டால் கெலிண்டான்தான்.

வாணியை நாகையாவிடம் விட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர், சிரித்த முகம். நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். பின்னால் எடுக்கும்போது டிரெய்லரின் வால் வலது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது அவளுடைய கைக்குப் பிடிபட நாளானது.

"தலைய மறந்துரு மா. கண்ணாடில வால பாரு. வால் போறதுதான் வண்டி போறது."

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும் லேசாக முன்னால் இழுத்துப் பார்க்கவும், டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைக் கணிக்கவும் கற்றுக்கொண்டாள். பெட்டாலிங் ஜெயா யார்டு நெருக்கடியானது. அங்கே மற்றவர்கள் பார்க்கும்போது நாகையாதான் பின்னால் எடுப்பார். ஆளில்லாத ஜெஞ்சாரோம் கிடங்கில் அவளிடம் விடுவார்.

"என்னாண்ணே, இங்க தங்கச்சி எடுக்காதா?" என்று யார்டில் சரக்கு இறக்குபவர்கள் கேட்பார்கள்.

"எடுக்கும் எடுக்கும். மொதல்ல கண்ணாடி தொடைக்கட்டும் லா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். வாணியும் சிரித்தாள்.

கண்ணாடி மட்டுமல்ல. அவருடைய பயணப் பதிவுகளைப் போனில் போட்டாள். சர்க்கரை மாத்திரையை நினைவுபடுத்தினாள். கடைக்காரன் மறந்து அவருடைய தே ஓவில், அந்தப் பால் சேர்க்காத தேநீரில், சீனி போட்டுவிட்டால் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டாள். வேலையைச் சுத்தமாகச் செய்தால் சீக்கிரம் தயாராகிவிடலாம் என்பது அவளுடைய கணக்கு.

ஒரு மதியம் கிடங்கிலிருந்து கிளம்பும்போது நாகையா வண்டியை ஓரம் கட்டினார்.

"கண்ணு சொக்குது மா. தோட்டத்து ரோடுதானே, ஒருத்தனும் வரமாட்டான். கிள்ளான் வர்ற வரைக்கும் நீ ஓட்டு."

"அண்ணே, லைசன்ஸ் இல்ல."

"பழகாம எப்படி லைசன்ஸ் வரும்?"

அவள் ஓட்டினாள். செம்பனை மரங்களுக்கு நடுவே அத்தனை நீளமான வண்டி தன் கைக்கு அடங்கி வந்ததை என்னிடம் சொல்லும்போது வாணியின் குரலே மாறிவிடும். எதிரே கல் லோரி வந்தபோது ஒதுங்கி வழிவிட்டாள். நாகையா வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பிறகு அதுவே பழக்கமானது. ஜெஞ்சாரோமிலிருந்து வரும்போதெல்லாம் அவர் தூங்கினார், அவள் ஓட்டினாள், ஊர் நெருங்கியதும் இடம் மாறிக்கொண்டார்கள்.

வருடம் ஒன்று ஓடிவிட்டது. "எப்பண்ணே சொல்வீங்க?" என்று கேட்டால், "அடுத்த மாசம் லா" என்பார். அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் லைசன்ஸ் எடுத்து, கம்பெனி கொடுத்த தனி வண்டியில் போய்விட்டார்கள். ஒரு நாள் வாணி லீவு போட்டுவிட்டு, சுங்கை வேயில் இருந்த அலுவலகத்துக்கே போனாள். ஓட்டுநர்களை மேய்க்கும் மேலாளர் ஹாசிம் மரியாதையாகத்தான் பேசினார்.

"நாகையாகிட்ட நானே கேட்டேன் மா. ரொம்ப நல்ல பொண்ணுன்னுதான் சொல்றான். ஆனா ஓட்டுறதுல பயமாம். பெரிய வண்டி எதிர்ல வந்தா கை நடுங்குதாம்."

"எனக்கா பாஸ்? எனக்குப் பயம் கிடையாது."

"யார்டுல நீ ஓட்டி நான் ஒரு தடவகூட பார்க்கலியே. வேற எங்க ஓட்டுன? யாரு பார்த்தா, சொல்லு. நானே எழுதி அனுப்புறேன்."

கிடங்கில் அவள் ஓட்டியதைப் பார்த்தவர் நாகையா மட்டும்தான். ஜெஞ்சாரோம் சாலை என்று சொன்னால் லைசன்ஸ் இல்லாமல் கம்பெனி வண்டியை ஓட்டிய குற்றம். அன்றைக்கே வேலை போய்விடும். சொல்லாவிட்டால் பயந்தாங்கொள்ளி. அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சாலை. அந்தச் சாட்சியோ அவளையே பிடித்துக் கொடுக்கும். எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை. கிடங்கில் கதவடைத்து, கட்டுப் போட்டு முடித்துவிட்டு வண்டியில் ஏறியதும் கேட்டாள்.

"அண்ணே, எனக்குப் பயம்னு பாஸ்கிட்ட சொன்னீங்களா?"

"சும்மா சொன்னேன் லா. அவருக்கு ஏதாச்சும் ஒரு காரணம் சொல்லணும்ல."

"ஏன்ணே?"

"நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? முன்னாடி ஒருத்தனக் குடுத்தாங்க, கை காட்டச் சொன்னா போனப் பார்த்துட்டு நிப்பான். உன்ன மாதிரி கெலிண்டான் இந்தக் கிள்ளான் பூரா தேடுனாலும் கெடைக்காது, தெரியுமா?"

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தில் கள்ளம் இல்லை.

"எனக்கு ஓட்டத் தெரியுமாண்ணே, தெரியாதா?"

"உனக்கா? என்ன விடவே நல்லா ஓட்டுவ." சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்துக் கொட்டாவி விட்டார். "சரி, இந்தப் பக்கம் வந்து உட்காரு. சாப்பிட்டது கண்ணக் கட்டுது."

அப்போதுதான் அவள் இறங்கினாள்.

வேலையைப் பாதியில் விட்டுப் போனவள் என்று கம்பெனி குறித்துக்கொண்டது. வேறு டிரெய்லர் கம்பெனிகளுக்குப் போனாள். அவர்கள் பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரித்தார்கள், பிறகு அவளை அழைக்கவில்லை. கடைசியில் இன்னொரு பார்சல் கம்பெனியில் வேன் கிடைத்தது. மறுபடியும் பிரிக்பீல்ட்ஸ், மறுபடியும் படி, மறுபடியும் "ஏன் லேட்டு?"

நீயே பணம் கட்டி லைசன்ஸ் எடு என்றேன்.

"எடுத்து? எங்க ஓட்டுன, யாரு பார்த்தான்னு கேப்பான். ஹாசிம் கேட்ட அதே கேள்விதான்."

வெகுதூரத்து நாடொன்றில் ஒரு பெண் ஓட்டுநர் என்னைத் தன் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போன கதையை ஒரு தடவை சொன்னேன். அவளை உற்சாகப்படுத்துவதாக எனக்கு நினைப்பு.

"அந்தப் பொம்பள தயார்னு யாரு சொல்லிவிட்டா?" என்று கேட்டாள். நான் எங்கே போகவும் யாரும் எனக்காகச் சொல்லிவிட வேண்டியிருந்ததில்லை. அதனால் அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

போன மாதம், அவள் இறங்கிப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் வேனில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். போனில் ஒரு தகவல் வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நாகையா அனுப்பியிருந்தார்.

"வாணி நல்லா இருக்கியா மா. அண்ணன் இப்ப ஓட்டுறது இல்ல, கம்பெனில என்ன டிரெயினரா போட்டுட்டாங்க. டிரெய்லருக்குப் பொம்பளைங்கள எடுக்கப் போறாங்க, ஹாசிம் பாஸ் ஆள் கேக்குறாரு. உன்ன மாதிரி பொண்ணு யாராச்சும் தெரிஞ்சா நம்பர் அனுப்பு. வயசு முப்பதுக்குள்ள இருந்தா நல்லது."