தேக்கு மாமா வைத்த கண்

கடைத்தெருவில் தேக்கு மாமா என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். தேக்கு வியாபாரமெல்லாம் ஒன்றுமில்லை. மட்ட மரத்தில் செய்த கட்டில், மேசை, அலமாரிகளுக்குப் பெயிண்டாலேயே தேக்கு ரேகை எழுதிக் கொடுப்பவர். வெளிர்மஞ்சள் பூசிக் காயவிட்டு, மேலே பழுப்பைத் தடவி, ஈரம் போகுமுன் சீப்பை இழுத்தால் ரேகை ஓடும். பழுப்பு தொட்ட கட்டைவிரலை வைத்துத் திருப்பினால் மரத்தின் கண் விழித்துக்கொள்ளும். காட்டில்கூட இப்படி மரம் வளராது என்று தச்சர்கள் கேலி பேசுவார்கள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

மகளுக்குக் கல்யாணம் கூடியதும் ஒரு பிடிவாதம் பிடித்தார். ஊரார் வீடுகளுக்குப் பொய் மரம் அனுப்பிய கை, தன் பெண்ணுக்கு அசல் தேக்கில்தான் அலமாரி அனுப்பும். இடித்த வீடுகளின் உத்தரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். காசெல்லாம் அதற்கே போக, அவர் மனைவி கதவில்லாத சமையலறையிலேயே காலம் தள்ளினாள். தச்சர் அலமாரியைச் செய்து முடிக்க, வார்னிஷ் மட்டும் தன் பொறுப்பு என்றார் மாமா.

வார்னிஷ் டப்பாவைத் திறக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. இடது கதவில், உள்ளங்கை அகலத்துக்கு, ரேகையே இல்லாமல் வெளிறி மொட்டையாக ஓர் இடம். அசல் மரம் அப்படியும் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பார்க்காததுபோல் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். கை கேட்கவில்லை. பழுப்பைத் தொட்டு அங்கே ஒரு கண் வைத்தார். சுற்றி நாலு ரேகை இழுத்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டில் அலமாரி இறங்கியது. சம்பந்தியம்மாவுக்கு மாமாவின் தொழில் தெரியும். இருப்பதிலேயே அழகான இடமாகப் பார்த்துச் சாவி முனையால் சுரண்டினார். அழகான இடம் மாமா வைத்த அந்தக் கண்தானே. பழுப்பு உதிர்ந்தது, அடியில் வெளிறிய மரம்.

"சம்பந்தி, நம்ம வீட்டுக்கும் அதே கைவேலைதானா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதுதான் சுட்டது. அந்த ஒரு இடம் மட்டும்தான் பெயிண்ட் என்று மாமா சொன்னபோது, அவர் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வேறெங்காவது சுரண்டிப் பார்க்கச் சொல்லி மாமா கெஞ்சினார். இருக்கிற அழகையும் ஏன் கெடுக்க வேண்டும், நாங்கள் யாரிடமும் சொல்லமாட்டோம் என்றார் சம்பந்தியம்மா, பெருந்தன்மையாக.

மகள் அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

"என்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமேப்பா. பெயிண்டுன்னு தெரிஞ்சிருந்தா, பெயிண்டுன்னே சொல்லிட்டு வந்திருப்பேன்."

மாமா கூடத்துக்கு வந்தார். சம்பந்தியம்மா கையிலிருந்த சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, வலது கதவில் மேலிருந்து கீழே அழுத்தி ஒரு கோடு இழுத்தார். கீறலுக்குள்ளும் தேக்குத்தான். யாரும் குனிந்து பார்க்கவில்லை. சாவி மறுபடி மேலே போனபோது மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். அவள் கண் கதவில் இல்லை, மாமியார் முகத்தில் இருந்தது.

"போதும்ப்பா," என்றாள் மெதுவாக. "பெயிண்டெல்லாம் போயிடும்."